ரோஸ்வித்தாவின் முகவரி

கடிதம் வந்தால் அன்றே பதில் எழுதிவிடுவது என் வழக்கம். திருமதி லோமன், உங்கள் கடிதத்துக்கு மட்டும் மூன்று வாரம் ஆகிவிட்டது. மன்னியுங்கள்.

உங்கள் தம்பி ஃபோல்க்மார் வைத்திருந்த கீபிட்ஸ் கருவியை எம்டனில் இருக்கும் ரோஸ்வித்தாவுக்கு அனுப்ப வேண்டும், முகவரி தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

கையடக்க விளையாட்டுக் கருவியான கீபிட்ஸை நாங்கள் பதினொரு பேர் காஸெலில் கூடிச் செய்தோம். அதன் நிரல் முழுவதும் திறந்தது. யாரும் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் வாங்கியவர்கள் எங்களைப் போன்ற கிறுக்கர்கள் மட்டும்தான். சாதாரண ஜனங்கள் யாராவது வந்து எங்கள் இணைய மன்றத்தில் ஒரு சந்தேகம் கேட்டால், ஃபோல்க்மார் வாயில் விழுந்து ஓடிப்போவார்கள். கருவியின் திரையில் வரும் மெனுவை எழுதியவன் அவன். "கையேட்டப் படிக்காம இங்க என்ன வேலை? பொம்மைக் கடை அடுத்த தெருவுல இருக்கு" என்பான். உங்களுக்குத் தெரியாததா.

அப்போதுதான் ரோஸ்வித்தா வந்தார். ஐம்பத்தாறு வயது. முதுகில் அறுவை சிகிச்சையாகிப் படுத்திருந்த மகள் இல்காவுக்காகக் கீபிட்ஸ் வாங்கியவர். "தம்பி, இத எப்படி ஆன் பண்றதுன்னே தெரியலப்பா. சிரிக்காதீங்க" என்று எழுதினார்.

அவன் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எங்களைத்தான் பிடித்துக்கொண்டான். "அந்தம்மா கேக்கறதுல என்னய்யா தப்பு? நாமதான் மனுசங்களுக்குன்னு எழுதல." இல்காவுக்கு ஒரு கைதான் அசைகிறது என்று தெரிந்ததும், ஒற்றைக் கட்டைவிரலால் எல்லாம் இயங்கும்படி மாற்றினான். பேருந்து ஓட்டுநர்களும் பல் மருத்துவர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். மன்றத்தில் நன்றி என்ற சொல்லை அந்த வருடம்தான் பார்த்தோம்.

ரோஸ்வித்தா என்று யாரும் இல்லை. அந்தப் பெயரில் எழுதியது நான். நான் நேரில் சொன்ன எதையும் அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அக்டோபரில் அவன் இதயத்தில் அடைப்பு என்றார்கள். நவம்பரில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். என்னிடம் அவன் மூச்சுவிடவில்லை. ரோஸ்வித்தாவிடம்தான் சொன்னான். "ஆபரேஷன் எங்க ஓடிடப் போகுது? பிப்ரவரியில பாத்துக்கலாமா? இல்காவுக்குக் கிறிஸ்துமஸுக்குள்ள புது மெனுவக் குடுத்துடுவேன். நீங்க சொல்லுங்கம்மா, கேட்டுக்கறேன்."

அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் முதல்முறையாகப் பெரிய கடைகளில் எங்கள் கருவியை வைக்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். புது மெனு இல்லாமல் முடியாது. அன்றே பதில் போனது: "இல்கா தினமும் கேக்கறா தம்பி, ஃபோல்க்மார் மாமா எப்ப முடிப்பாருன்னு."

டிசம்பர் பதினெட்டில் முடித்துக் கொடுத்தான். இருபத்திரண்டில், மேசையிலேயே சாய்ந்து போய்ச்சேர்ந்துவிட்டான் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள்.

குற்ற உணர்வு இருக்கிறது, திருமதி லோமன். அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன், எடுபடவில்லை. எல்லாவற்றையும் திறந்துவைத்த நாங்கள் மூடிவைத்தது இது ஒன்றுதான். முகவரி கிடையாது. பார்சலை அனுப்ப வேண்டாம்.

மன்றத்தில் ரோஸ்வித்தாவின் இரங்கலை நீங்கள் படித்திருப்பீர்கள். தன்னால்தான் அவன் போனான் என்று அழுது எழுதியிருந்தார். மனம் கேட்கவில்லை, நான் அன்றே அவருக்குப் பதில் எழுதிவிட்டேன், உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை அம்மா என்று.