கரையிலிருந்து வந்த பதில்

கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய போதகர் அவர்களே, சபையைத் தாங்கும் மூப்பர்களே, ஹனூரிலிருந்தும் ராமாபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து இந்த மைசூர்ப் பந்தலை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளையை மடியில் உறங்கவைத்துத் தாங்கள் உறங்காமல் கேட்கும் தாய்மார்களே, நாளைக் காலை ஞானஸ்நானம் பெறப் பெயர் கொடுத்திருக்கும் அன்பு உள்ளங்களே! ராமாபுரத்துப் போதகனாகிய என் தோத்திரம் உங்கள் அனைவருக்கும் உரியதாகட்டும்.

வாழ்த்திப் பேசத்தான் அழைத்தார்கள். வாய் திறந்தால் வாழ்த்து வரவில்லை, பயம் வருகிறது. தண்ணீரைக் கண்டா பயம்? இல்லை, தண்ணீரில் இறங்கும் நம்மைக் கண்டு பயம்!

நம் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கியவர், மூழ்குமுன் கரையைப் பார்த்துக் கைகூப்பி, 'என்மேல் மனத்தாங்கல் உள்ளவர்கள் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். எல்லாரும் கேட்கிறார்கள். யாராவது பதில் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? அதோ, ஓர் அம்மா இல்லையென்று தலையாட்டுகிறார். எப்படிச் சொல்வார்கள்? கேட்டு முடிப்பதற்குள் நாம்தான் பாட்டை ஆரம்பித்துவிடுகிறோமே!

போன கோடையில் எங்கள் ஊரில் பதில் வந்தது.

குப்புசாமி என்றொரு விவசாயி ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார். மழை பொய்த்த வருஷம், தொட்டிக்குத் தண்ணீர் இல்லை. தன் போர்வெல் தண்ணீரை டிராக்டர் டேங்கரில் கொண்டுவந்து அவரே நிரப்பினார். சபையே கொண்டாடியது. இடுப்பளவுத் தண்ணீரில் நான் அவர் தோளைப் பிடித்து நிற்கிறேன். அவர் கைகூப்பிக் கேட்கிறார். அவருடைய இறந்துபோன தம்பியின் மனைவி தேவம்மா கரையிலிருந்து வாய் திறந்தாள்.

"எனக்கு இருக்குதுங்க, மாமா. நீங்க நிக்கற தண்ணியில பாதி என்ற மஞ்சக்காட்டுக்கு வர வேண்டியது. உங்க தம்பி போனதும் வால்வ அடச்சுப் போட்டீங்க. மஞ்ச பூராவும் காஞ்சுட்டு வருதுங்க."

தொடங்கவிருந்த பாட்டு நின்றது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து போட்ட போர்வெல் அது! குப்புசாமி என் கையை இறுகப் பிடித்தார்.

"ஐயா, வெரசா முழுக்கி உட்ருங்க. எல்லாங் கழுவிப் போயிருமல்லங்க?"

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்வது? பழைய மனிதனைப் புதைப்பது அல்லவா ஞானஸ்நானம்? இன்னும் சாகாதவனை எப்படிப் புதைப்பேன்? மனந்திரும்பாமல் மூழ்கி எழுந்தால் அதற்குப் பெயர் குளியல்!

"மாட்டேன், குப்புசாமி. போய்த் தொறந்து உட்டுட்டு வாங்க. நான் தண்ணியிலயே நிக்கறேன்" என்றேன்.

ஈர வேட்டியோடு ஓடினார். நின்றேன். வரவில்லை. தேடிப் போனோம். வால்வு முழுக்கத் திறந்திருந்தது. மஞ்சள் பாத்தியில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வரப்பில் குப்புசாமி விழுந்து கிடந்தார். மாரடைப்பு. உயிர் இல்லை.

இரட்சிக்கப்பட்டாரா என்கிறீர்களா? ஆண்டவரின் இரக்கம் பெரிது என்று நம்புகிறேன். ஆனாலும் பயப்படுகிறேன், ஐயா! மனந்திரும்பினார், அதற்கு நான் சாட்சி. ஞானஸ்நானம் பெறவில்லை, அதற்கும் நானே சாட்சி. அவர் முதல் நாளே திறந்திருக்கக் கூடாதா?

ஞானஸ்நானம் பெறாதவருக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள் மூப்பர்கள். பிணத்தோடு வெயிலில் நின்றோம். தேவம்மா முன்னே வந்தாள்.

"என்ற காட்டுல பொதச்சு வெய்யுங்க. அவரு உட்ட தண்ணி பாயற எடத்துல."

பெயர் கொடுத்தவர்களே! நாளை என்பது உங்கள் கையிலா இருக்கிறது? யாரிடம் போக வேண்டுமோ, யாருக்குப் போன் செய்ய வேண்டுமோ, இப்போதே எழுந்து வெளியே போங்கள். பேச்சின் நடுவே போனால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அதோ, கடைசி வரிசையில் ஒருவர் எழுகிறார். வழி விடுங்கள். ஐயா, காலை மடக்கி வழி விடுங்கள்! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. எழுந்து போகிற அவருக்கு என் வணக்கம்.