இரண்டாவது கியர்

— ஏங்க, பச்சை விழுந்தாச்சு. பின்னாடி கார்க்காரன் ஹாரன் அடிச்சே உயிரை எடுக்கிறான்.

— எடுத்துட்டேன், எடுத்துட்டேன். கேளு, காருன்னா லேசா மிதிச்சாப் போதும், பறக்கும். லாரி அப்படியா? பிரேக்ல காத்து விடணும், கிளட்ச்சை மெல்லத் தளர்த்தணும், அது ஒரு பெருமூச்சு விட்டுட்டுத்தான் நகரும்.

— லோடு இருந்தா ஒண்ணாவது கியர். காலி வண்டின்னா ரெண்டாவது.

— அடேயப்பா, மேடம் மனப்பாடமே பண்ணிட்டாங்க.

— இன்னைக்குக் காலி வண்டிதானே? டைல்ஸ் மொத்தமும் இறக்கியாச்சு. அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?

— பழக்கதோஷம்.

— நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட வர்றீங்கதானே?

— கேளு, நாளைக்கு லோடு இருக்கு.

— போன வாரமும் இருந்துச்சு.

— அந்த ஆளு ‘ஓட்டக் கூடாது’ன்னு ஒரு வரி எழுதிட்டா எல்லாம் முடிஞ்சுது. அப்புறம் வண்டியை வித்துட்டு, வீட்ல உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடவா?

— போட்டா நல்லாத்தான் இருக்கும்.

— ஏழு மாசமா தையல் கிளாஸ் போற. எனக்கு ஒரு சட்டை தைச்ச பாடில்லை.

— வரும், பொறுங்க. அடுத்த சிக்னல். சிவப்பு.

— தெரியுது, தெரியுது.

— ...

— என்ன, பேச்சையே காணோம்?

— ஏங்க, பச்சை விழுந்து, திரும்ப சிவப்பும் விழுந்துடுச்சு.

— அப்படியா?

— பின்னாடி ஒரு வண்டியும் இல்லை. ஹாரன் அடிக்க ஆளில்லைன்னா உங்களுக்குப் பச்சை தெரியறதில்லை.

— எப்ப கண்டுபிடிச்ச?

— கோடைக்கு முன்னாடியே. ஹாரன் கேட்ட பிறகுதான் உங்க கால் அசையும்.

— அதான் கூடவே வர்றியா? நான் வேற, இந்த வயசுல என் மேல பாசம் பொங்குதுன்னு நினைச்சேன்.

— அதுவும்தான்.

— வெயில்ல மூணு விளக்கும் ஒரே வெள்ளையாத் தெரியுதும்மா. சொன்னா வண்டி போயிடும். இந்த வண்டியை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?

— வண்டி எங்கேயும் போகாது. இதோ, பச்சை. மெல்ல எடுத்து அந்த மரத்துக்கிட்ட ஓரங்கட்டுங்க.

— கட்டிட்டு?

— இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்காருங்க. நான் ஒரு நாள்கூடத் தையல் கிளாஸுக்குப் போகலை. ஹெவி லைசென்ஸ் நேத்துதான் கைக்கு வந்துச்சு. காலி வண்டிதானே, ரெண்டாவது கியர்ல எடுக்கிறேன்.