நீல விளக்கு

வேலை கேட்டுப் போன ஹெப்பகோடி கம்பெனியில் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், கம்ப்யூட்டர் ரிப்பேர் பைகளோடு இருவர் இருந்தார்கள். கண்ணாடி போட்டவன் சொன்னான்:

“வயர்லெஸ் வேலை செஞ்சிடுச்சுண்ணா. அதான் இப்ப பயமா இருக்கு.”

“அந்த பொம்மனஹள்ளி அக்கா லேப்டாப்தானே?” என்றார் தாடிக்காரர்.

“ஆமா. வைஃபை டிரைவர் சாஃப்ட்வேர் கோளாறுன்னு நெனச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டு லினக்ஸ புதுசா போட்டேன். அப்பவும் நெட்வொர்க் காட்டல. மூடி வைக்கறப்ப முன்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் கையில பட்டுச்சு. தள்ளினேன், நீல லைட் வந்துச்சு.”

“சுவிட்ச் ஆஃப்ல இருந்ததுக்கா ஃபார்மேட் அடிச்ச? பெரிய இன்ஜினியர்தான்டா நீ!” தாடிக்காரர் சிரித்தார். “அதுல இருந்ததயெல்லாம் காப்பி எடுத்து வச்சியா?”

“இல்லண்ணா. அவங்க செத்துப்போன வீட்டுக்காரர் போட்டோவெல்லாம் அதுலதான். அத துபாய்ல இருக்கிற நாத்தனாருக்கு அனுப்பத்தான் நெட்டே கேட்டாங்க. மதியம் கொண்டுபோய்க் குடுத்தேன், காபி போட்டுக் குடுத்தாங்க. போட்டோவ அவங்க இன்னும் தேடிப் பாக்கல.”

தாடிக்காரரின் சிரிப்பு நின்றது.

“அவங்க அதுல வேலை செய்யச் செய்ய, அழிஞ்சதுல மீட்க முடியறதும் போயிடும். உடனே போன் பண்ணி ஆஃப் பண்ணச் சொல்லு.”

“போன்ல இத எப்படிண்ணா சொல்றது?”

பொம்மனஹள்ளி வந்து, பஸ் மறுபடி நகர்ந்தது. அடுகோடிக்கு டிக்கெட் எடுத்திருந்த கண்ணாடிக்காரன் திடீரென்று எழுந்து, “நில்சி சார், நில்சி!” என்று கன்னடத்தில் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லிக் கத்தினான். பஸ் நின்றது, இறங்கினான்.

தாடிக்காரர் ஜன்னல் வழியே குனிந்தார்.

“மொதல்ல மெஷின ஆஃப் பண்ணுடா. அப்புறம் சொல்லு.”