கண்ணாடி ஏரியும் காது கேளாத வானொலியும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் கரைக் குழுத் தலைவர் பெரியவர் ஒபோனியோ அவர்களே! லோல்வே ஏரியைத் துடுப்பால் அளந்த மூத்தோர்களே! காயப்போட்ட ஒமேனா மீனைக் காகத்திடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! வணங்கி மகிழ்கிறேன்.

குன்றின்மேல் வானொலிக் கோபுரம் எழுந்தபோது கொட்டு முழங்க ஆடினோமே! இனிப் புயலுக்கு முன்னே குரல் வரும் என்றார்கள். வந்ததா? வந்தது! எல்லாப் படகுக்கும் வந்ததா? அதோ, பின்வரிசையில் சிரிக்கிறாரே என் கணவர் ஒகோம்போ, அவரைக் கேளுங்கள்!

அன்று ஏரி அசையவில்லை. "காத்து வருது, கரைக்கு வாங்க!" என்று கோபுரம் கதறியது. இவர் கையில் கேட்கவும் பேசவும் ஆகும் வானொலி, கண்ணெதிரே கோபுரம், காதில் மட்டும் ஒரு சொல் விழவில்லை. காற்று வந்தது, படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைக் கட்டிக்கொண்டு மிதந்தவரை அக்கரைக்காரர்கள் தூக்கி வந்தார்கள். அதன்பின் அவர் துடுப்பைத் தொடவே இல்லை.

"அந்த இடத்துல பேய் இருக்கு" என்றார்கள் சிலர். யாரென்று சொல்லமாட்டேன், முன்வரிசை தலைகுனிய வேண்டாம்!

அப்போது வந்தார், கோபுரத்துக்கு இடம் கணித்த பொறியாளர் லிலியன் அகுமு. வானொலி அலை எங்கெங்கே போகும் என்று அவர் வரைந்த படத்தில் அந்த இடம் 'கேட்கும்' என்று பச்சைப் பசேல் என்றிருந்தது.

"என் கணக்குப்படி அங்க நல்லாக் கேக்கணும். கேக்கலைன்னா கணக்குதான் தப்பு. என்னைக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றார்.

"நீச்சல் தெரியுமா தங்கச்சி?"

"தெரியாது."

நீச்சல் தெரியாதவள் ஏறுகிறாள், நான் நிற்பதா என்று இவரும் ஏறினார். நானும் ஏறினேன். அன்றுதான் அவர் மீண்டும் துடுப்பைத் தொட்டார்.

அந்த இடம் வந்ததும் கோபுரத்தின் குரல் செத்தது. சிறு காற்றில் தண்ணீர் சிலிர்த்தது, குரல் பிழைத்தது! தண்ணீர் அடங்கியது, மீண்டும் ஊமை!

அகுமு கைதட்டிச் சிரித்தார். "பேய் இல்லண்ணே, ஏரிதான்! கோபுரத்துலேருந்து நேரா ஒரு அலை வருது. தண்ணில பட்டுத் தெறிச்சு இன்னொண்ணு வருது. இங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்குது. சோளக்காட்டுல பட்டா சிதறிப்போயிரும்; அசையாத தண்ணி கண்ணாடி மாதிரி அப்படியே திருப்பி அனுப்புது. நான் ஏரியையும் காடாவே நெனச்சுக் கணக்குப் போட்டுட்டேன்!"

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடுன்னு சொல்லு! ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசினா அவனுக்கு ஒண்ணுமே வெளங்காது" என்றார் இவர். அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை!

காட்டைக் காடாக, கோரையைக் கோரையாக, ஏரியை ஏரியாக வைத்துக் கணக்கு புதிதாகப் பிறந்தது. குன்றின் இடுப்பில் இரண்டாவது அலைக்கம்பம் எழுந்தது. ஒன்று ஊமையாகும் இடத்தில் மற்றொன்று பேசும்!

போன வாரம் மீண்டும் ஏரி கண்ணாடியானது. மேற்கே மேகம் கறுத்தது. இவர் அதே இடத்தில் வலை வீசியிருந்தார். கோபுர அறைக்கு ஓடி ஒலிவாங்கியைப் பிடுங்கி, என் உயிரையெல்லாம் குரலாக்கி அழைத்தேன். பதில் வந்தது:

"கேக்குதுடி, கேக்குது! கத்தாத, மீனெல்லாம் ஓடுது!"

காற்று கரையைத் தொடுமுன் நம் படகுகள் அனைத்தும் கரையைத் தொட்டன! அறிவு எது? தவறே செய்யாததா? இல்லை! தவறிய இடத்துக்குத் தானே படகேறிப் போவது! அந்த அறிவை வாழ்த்துவோம்! அகுமுவுக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சின் நன்றி. வலை நிறையட்டும், படகெல்லாம் கரை வந்து சேரட்டும்! வணக்கம்!