தூங்கும் அறையைத் திறந்து வைத்தவர்

தலைமை ஏற்றிருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே! ஆசிரியப் பெருமக்களே! வகுப்பை விட்டும் வயலை விட்டும் வந்து இந்த மர நிழலில் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம்.

நம் முன்னாள் தலைமையாசிரியை அம்மையார் மறைந்துவிட்டார்.

இந்த உயர்நிலைப் பள்ளி எங்கே தொடங்கியது? ஒரு தானியக் கிடங்கில்! தகரக் கூரை. கரும்பலகைக்குப் பின்னால் மூட்டைகள். பாடம் நடக்கும்போதே குருவிகள் உள்ளே வந்து தானியம் பொறுக்கும். அங்கே வரலாற்று ஆசிரியையாக வந்தவர் அம்மையார். பிறகு மாடிக் கட்டடம் வந்தது. ஆய்வகம் வந்தது. நூலகம் வந்தது. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வந்தது. தானாகவா வந்தன? அவர் நடையாய் நடந்ததால் வந்தன! கல்வி அலுவலகக் காவலாளி அவரைக் கண்டாலே, "டீச்சர் வந்துட்டாங்க, இன்னிக்கு ஐயாவுக்குத் தலைவலிதான்" என்பாராம்.

ஆனால், எந்த ஆணையிலும் இல்லாத ஒரு வசதி நம் பள்ளியில் உண்டு. அதுதான் தூங்கும் அறை.

ஒருநாள் என் இயற்பியல் வகுப்பில் பால்காரர் மகள் தூங்கி விழுந்து, மேசை விளிம்பில் நெற்றியைக் கிழித்துக்கொண்டாள். அம்மையார்தான் ஓடி வந்து கட்டுப் போட்டார்.

"வீட்ல தூங்கவே இல்லையாடி?"

"தூங்கினேன் டீச்சர். விடியறதுக்கு முன்னாடி மாடு கறக்கணும். அப்புறம் நடந்து வரணும்."

"போய்ப் படு. முழிச்சதும் வா. பாடம் எங்கயும் ஓடிப் போயிடாது."

நூலகத்தை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்து பாய் விரித்தார். களைத்து வரும் பிள்ளை யாராயினும் சற்று நேரம் படுக்கலாம். ஊர் சிரித்தது. 'தூக்க டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்தது. அவர் காதில் போட்டுக்கொண்டாரா? இல்லை! அந்தப் பால்காரர் மகள் பெரிய பதவிக்கெல்லாம் போகவில்லை. பள்ளிப் படிப்பை முடித்தாள். இன்றும் மாடுதான் வைத்திருக்கிறாள். அதோ, கன்றுக்குட்டியை வேலியில் கட்டிவிட்டு வந்து நிற்கிறாள்.

பிறகு கல்வி அதிகாரி வந்தார்.

"இது என்னம்மா, பள்ளிக்கூடமா, சத்திரமா?"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க சார். இப்பதான் கண்ணசந்திருக்காங்க."

"கம்ப்யூட்டர் வருது. இந்த ரூமைக் குடுங்க. இல்லேன்னா வேற ஸ்கூலுக்குப் போயிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கணினியை விட முடியுமா? அறையை விட அவர் மனம் ஒப்புமா? அம்மையார் அதிகாரியைத் தம் சொந்த அறைக்கு அழைத்துப் போனார்.

"இது போதுமா பாருங்க. ஃபேன்கூட இருக்கு."

"அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?"

"வராந்தா இருக்கே சார். நல்லா காத்து வரும்."

அதிகாரி அந்த அறையையே கணினிக்குக் குறித்துக்கொண்டார். திரும்பும்போது அந்தச் சின்ன அறையைக் கடக்கையில் மட்டும், காலடிச் சத்தம் கேட்காமல் நடந்தார்.

ஓய்வு பெறும்வரை அம்மையாரின் மேசை வராந்தாவில்தான் கிடந்தது! சாரல் அடித்தால் ஒரு கையில் குடை, மறுகையில் பேனா. "ஹெட்மிஸ்ட்ரஸுக்கு ஷவர் வச்ச ஸ்கூல் வேற எங்கயாவது உண்டா?" என்று சிரிப்பார்.

சென்ற மாதம், உடல் தளர்ந்த நிலையில், மகளின் தோளைப் பிடித்தபடி பள்ளியைப் பார்க்க வந்தார். "கொஞ்சம் படுங்கம்மா" என்றேன். இத்தனை ஆண்டுகளில் அவர் அந்தத் தூங்கும் அறையில் தலைசாய்த்ததே இல்லை. அன்று படுத்தார். மேல் சன்னல் வழியே வந்த வெயிலில் இலைகளின் நிழல் அவர் புடவையில் அசைந்தது. ஒரு சுவருக்கு அப்பால் வாய்ப்பாடு, இன்னொரு சுவருக்கு அப்பால் செய்யுள், தூரத்து மைதானத்தில் விசில். தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல எல்லாம் ஒன்றாய்க் கரைந்து வந்தன.

"இங்க படுத்தா எல்லா வகுப்பும் கேக்குது சார்" என்றார், கண்ணைத் திறக்காமல். "நம்ம ஸ்கூல் இவ்வளவு நல்லாவா இருந்திருக்கு!"

அப்படியே உறங்கிப் போனார். மணி அடித்தபோதும், அவராக விழிக்கும்வரை எழுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

அம்மையாரே! உங்களுக்குப் பின் பொறுப்பேற்ற நான், உங்கள் கணவர் முன்னிலையில், இந்தப் பிள்ளைகள் முன்னிலையில் சொல்கிறேன். புதுக் கட்டடம் வரப்போகிறது. அதன் வரைபடத்தில் முதலில் குறிக்கப்போவது தூங்கும் அறையை. என் மேசை எங்கே என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒலிபெருக்கி ஏன் இல்லையென்று பின்வரிசையில் சிலர் முணுமுணுத்தீர்கள். கட்ட வந்தவரை மாணவர்கள்தான் தடுத்துவிட்டார்கள். "வேணாம் சார், உள்ள ஒருத்தி தூங்கறா" என்றார்கள்.

ஆகவே பெரியோர்களே, நாற்காலிகளை இழுக்காமல், மெல்ல எழுந்து கலைவோம்.