பெரிய பாதி

ரொட்டி வேகிற வாசனைக்கு எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் இறங்கி வந்துவிடுவார், ஐயா. விசாரணைக்கு வந்த நீங்களே இரண்டு முறை அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டீர்கள். முதல் ட்ரே வரட்டும், தருகிறேன்.

பூனையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சத்தமில்லாமல் நடப்பான் என்று சின்ன வயதில் நான் வைத்த பெயர் அது. இதே பேக்கரியில் இருவரும் எடுபிடியாகச் சேர்ந்தோம். பிறகு இருவருமாகவே இதை வாங்கினோம். முதல் ட்ரே வெந்ததும் அதன் விளிம்பில் மூன்று முறை தட்டுவேன். எங்கிருந்தாலும் வந்துவிடுவான். முதல் ரொட்டி எங்களுடையது. அவன்தான் பிய்ப்பான், பெரிய பாதியை எனக்கு நீட்டுவான். "நீ தின்னுடா, எனக்குப் பசியில்ல" என்பான். பச்சைப் பொய். அவன் வீட்டில் அடுப்பெரியாத நாளிலும் அதையேதான் சொன்னான். வாங்கித் தின்ற எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கூசியது.

ஆட்சியை ராணுவம் பிடித்ததும் தொழிற்சங்கத்துக்காரர்களைத் தேடினார்கள். பூனைதான் சங்கச் செயலாளர். பரணில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால், அவனை ஒளித்துவைத்தது நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிப்பாய்கள் வந்தார்கள். கீழே இருந்த மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள், தும்மினார்கள், சலித்துப்போனார்கள். என்மேல் ஒரு அடிகூட விழவில்லை. அதிகாரி தங்கமான மனுஷன். "தொந்தரவு குடுத்துட்டோம், மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

அப்போது முதல் ட்ரே வெந்திருந்தது.

பிள்ளைகுட்டிக்காரன், நாளைக்கும் வருவார்களே என்று பயந்துவிட்டேன் என்றுதான் என் மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உங்களிடம் மறைப்பானேன்? எனக்குப் பயமே இல்லை. ட்ரேயை வெளியே இழுத்து, மூன்று முறை தட்டினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக, வாசலுக்கும் கேட்கும்படி.

முகமெல்லாம் மாவோடு, சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினான். சிப்பாய்கள் போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டான். கடைசிப் படியில்தான் அவர்கள் திரும்பி வந்து நிற்பதைப் பார்த்தான். அதற்குப் பிறகு சிப்பாய்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான்.

ஆட்சி மாறி, நீங்கள் அவன் எலும்பைத் தோண்டி எடுத்த பிறகும் அவன் மனைவிக்குத் தினமும் ரொட்டி அனுப்புகிறேன். திருப்பி அனுப்பிவிடுகிறாள். நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அவள் அன்று இங்கே இல்லையே, அவளுக்கு என்ன தெரியும்?

அன்று அவனைக் கொண்டுபோகும் முன் அதிகாரியிடம் ஒரு நிமிடம் கேட்டு வாங்கினேன், ஐயா. ரொட்டியை நானே பிய்த்து, பெரிய பாதியை அவனிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டான். மனதில் வருத்தம் இருந்திருந்தால் வாங்கியிருப்பானா?