அம்மா குடுத்தனுப்புன பயம்

— சொல்றேன், சொல்றேன். நீ மொதல்ல இப்டி கிட்ட வந்து குந்து பதுருக்கா. துணிய அப்புறம் மடிச்சிக்கலாம். மலை மேல நடந்தத ஒண்ணு வுடாம சொல்றேன், கேட்டுக்கினே இரு.

— குந்துறதுக்கு எனக்கு நேரமில்ல காளி. ஒரே வார்த்தை கேக்குறேன், ஒரே வார்த்தை சொல்லு. சாதியா உங்கூட வந்தாளா, இல்லையா?

— ஒத்த வார்த்தையில சொன்னா நீ தப்பா எடுத்துக்குவ. அதான் மொதல்லருந்து வரேன்.

— ஞாயித்துக்கிழமை அவளுக்கு நிச்சயம். இன்னைக்கு வியாழன். ஆம்பூர்லருந்து மாப்பிள்ளை வீட்டாளுங்க நாப்பது பேர் வராங்க. போன் போட்டா டவர் இல்ல, டவர் இல்லன்னு கட்டாயிடுது. சாதியாவோட அத்தா காலையிலருந்து ஆறு தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வந்துட்டாரு. பெத்த பொண்ணக் கூட்டிட்டு வான்னு உன்ன நம்பி அனுப்பினா, நீ கதை சொல்லணும்ங்கற.

— நீ எங்க அனுப்புன? எங்க பொம்பளைங்க சங்கம் டூரு கூட்டினு போச்சி, மலை ஏறி மிருகம் பாக்க. அதே காட்ல உம் பொண்ணு வேல பாக்குதுன்னு தெரிஞ்சி, எங்கையில ஒரு பையயும் ஒரு சேதியயும் நீ குடுத்த.

— சரி, அது கிடக்கட்டும். அவளப் பார்த்தியா?

— கேளேன். ஊட்டி தாண்டி இன்னும் மேல. குளிருன்னா குளிரு, பல்லு தானா ஆடுது. காட்டு கேட்டாண்ட ஒரு வாச்சரு, பீட்டருன்னு பேரு, கோயம்பத்தூர் பக்கத்து ஆளு. திங்கிற சாமான் எதுவும் உள்ள போவக் கூடாதாம், மிருகத்துக்கு ருசி பயகிடுமாம். ஒவ்வொருத்தரையா கேட்டுக்கினே வரான். எங்கிட்ட வந்து பையில இன்னான்னு கேட்டான். நான் ஒளிக்கல. பயம் கீது, உள்ள வேல பாக்குற சாதியாவுக்கு அவங்கம்மா குடுத்தனுப்புன பயம்னேன்.

— திருப்பி அனுப்பிட்டானா?

— இல்ல. அவன் மூஞ்சி ஒரு மாரி ஆயிப் போச்சி. 'எல்லா அம்மாவும் அதத்தானுங்க குடுத்தனுப்புறாங்க, நீங்க போங்க'ன்னு வுட்டுட்டான்.

— பழத்தையா வுட்டான்?

— பயத்த வுட்டான். நம்மூரு பேச்சு அவனுக்கு எங்க தெரியும்? வயித்தக் கலக்குற பயம்னு நெனச்சிக்கினான். அதோட நின்னானா? கையில இருந்த வாக்கி டாக்கியில மேல சொல்லிட்டான். 'சாதியா மேடம், உங்க அம்மா உங்களுக்கு பயம் குடுத்தனுப்பியிருக்காங்க, ஒரு அம்மா எடுத்துட்டு வராங்க'ன்னு.

— யா அல்லா. அதுக்கு அவ என்ன சொன்னா?

— அதுல கர்ருன்னுது. அப்புறம், 'அது சீத்தாப்பழம்ணே, எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க. பைய கேட்லயே வாங்கி வைங்க'ன்னா. திரும்பவும் கர்ருன்னுது. 'ஆனா நீங்க சொன்னதும் தப்பில்லண்ணே'ன்னா.

— அப்படியா சொன்னா?

— அப்டியேதான் சொன்னா.

— பதினாறு பழம் காளி. அரிசிக்குள்ள புதைச்சு, தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பழுக்க வெச்சேன்.

— தின்னாக்கா. சாயங்காலம் எறங்கி வந்து, கேட்டுக்கு வெளிய குந்திக்கினு அஞ்சி தின்னா. கொட்டைய ஒண்ணு வுடாம காகிதத்துல மடிச்சி வெச்சிக்கினா. அந்த மண்ணுல வேற மண்ணு வெதை மொளைக்கக் கூடாதாம்.

— அஞ்சுதானா? இங்க இருந்தா ஒரே மூச்சுல எட்டு தின்பா. இளைச்சிட்டாளா?

— கறுத்துட்டா. எளைக்கல. காலு ரெண்டும் இரும்பாட்டம் கீது.

— இரும்புன்னு ஞாயித்துக்கிழமை வாயத் தொறந்துடாத. மாப்பிள்ளையோட அம்மா காதுல விழப் போவுது.

— கேளேன். மறுநாள் அவதான் எங்கள மேல கூட்டினு போனா. அவ முன்னால, நாங்க இருவது பொம்பளைங்க பின்னால. மேல முச்சூடும் புல்லுதான், பள்ளத்துல மட்டும் கருகருன்னு மரம். புல்லுல கால வெச்சா அட்டை ஏறுது. எங்க கலா வாய மூட மாட்டா, உனக்குத் தெரியும். அவளே பேசல. ஒரு திருப்பத்துல சாதியா ஒத்தக் கைய மேல தூக்குனா. அவ்ளோதான், இருவது பேரும் இருந்த எடத்துலயே குந்திட்டோம்.

— எதுக்கு?

— காட்டெரும. மூணு. பாதைய மறிச்சிக்கினு நிக்குது, ஒண்ணொண்ணும் உன் கடை ஷட்டர் ஒசரம். நாங்க பாம்பு புடிக்கிற சனம், தடம் பாக்க எங்களுக்கு ஒருத்தர் சொல்லித் தர வேணாம். எனக்கு முன்ன அவ பாத்துட்டா பதுருக்கா.

— அவ எங்க நின்னா?

— எங்களுக்கும் அதுங்களுக்கும் நடுவுல.

— நடுவுல ஏன் நிக்கிறா? பின்னால வாச்சர் எவனும் இல்லையா?

— கீறான். அவனும் குந்திட்டான். தூக்குன கைய அவ எறக்கவேயில்ல. அதுங்க பாட்டுக்கு புல்ல மேஞ்சிக்கினு பள்ளத்துல எறங்கி மறைஞ்சி போற வரைக்கும் அப்டியே நின்னா. அப்புறம் திரும்பி, யாருக்காவது தண்ணி வேணுமான்னு கேட்டா. உன் கடையில புடவ எடுத்துப் போடச் சொன்னா, வந்தவங்க மூஞ்சியப் பாக்காம சுவரப் பாத்துப் பேசுவாளே, அதே பொண்ணு.

— அது கிடக்கட்டும்.

— எனக்கு அது கெடக்க மாட்டேங்குதுக்கா. கண்ணுலயே நிக்குது. அதுக்கப்புறம் பாறை மேல குந்தி, அவ வேலயே அதான, வரையாடு எண்ணுனா பாரு. எங்கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆடு. இது போன வருசம் குட்டி, அதுக்கு ஒத்தக் கொம்பு ஒடைஞ்சிது, இது ரெண்டு மாசமா காணாம போயி இப்பதான் வந்துதுன்னு, தெருவுல கீற சனத்த சொல்ற மாரி சொல்றா.

— காளி, நான் ஆட்டக் கேக்கல. நிச்சயத்தச் சொன்னியா, இல்லையா?

— சொன்னேன். பையன் நல்ல குணம், சொந்தத்துல ஷூ பட்டறை, மாமியா அதட்டிப் பேச மாட்டாங்கன்னு நீ சொன்னது அத்தினியும் சொன்னேன். மலை வேலய மட்டும் வுட்டுடணும்னு கேக்குறாங்கன்னும் சொன்னேன். அவ கேட்ட ரெண்டு வருசம் தவணைக்கு அவங்க அத்தா ஒத்துக்கலன்னும் சொன்னேன்.

— ரெண்டு வருசம் கழிச்சு எவன் வருவான்? ஊர்ல ஒவ்வொருத்தரும் கேக்குறதுக்கு நாந்தான பதில் சொல்றேன். அவளா சொல்றா?

— அதையும் சொன்னேன். உங்கம்மா சரியா தூங்கறதில்ல, சாப்பிட குந்துனா பாதியில எழுந்துக்கினு ரோட்டப் பாக்குறான்னு சொன்னேன்.

— அத யாரு சொல்லச் சொன்னா உன்ன?

— கண்ணால பாத்தத எப்டி மறைக்கறது? இப்பக்கூட அந்த செங்கல்பட்டு பஸ்ஸயே பாத்துக்கினு கீற. பாக்காத. அதுல வரல.

— அடுத்த பஸ்ஸுல?

— எதுலயும் வரல.

— அப்ப, ஆடு எண்றதுக்காக எங்கள வேணாம்னுட்டா. சரி. அவங்க அத்தா நாப்பது பேர் முன்னால தலை குனியட்டும். எனக்கு இனி எம் பையன் தௌசீப் ஒரு புள்ளதான். இந்த வீட்டு வாசப்படிய அவ மிதிக்க வேணாம்னு இப்பவே போய்ச் சொல்லிடறேன் அவர்கிட்ட. நீ போ காளி.

— போறேன். அதுக்கு முன்ன கைய குடு.

— கை எதுக்கு? வுடு.

— எழுந்துக்காத, குந்து. அவ வரமாட்டேன்னு சொல்லல. விடிகாலையில பொட்டி கட்டிக்கினு எனக்கு முன்ன வந்து வேன்ல ஏறி குந்திட்டா. கூட வேல பாக்குற பொண்ணு ஒண்ணு, பிரிஸ்கில்லான்னு, வழியனுப்ப வந்து நின்னுது. ஆடு எண்ற நோட்டு இனி அதுகிட்ட இருக்கணும்னு, சன்னல் வழியா நீட்டுனா.

— நீட்டி?

— நீட்டுன கையி நோட்ட வுடல. அந்தப் பொண்ணு புடிச்சி இஸ்துது, இவ வுடல. வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சி, அப்பவும் வுடல.

— அப்புறம்? சொல்லேன், அப்புறம்?

— அப்புறம் அவ பொட்டிய வேன்லருந்து தூக்கிக் கீய வெச்சது நானு. நீ போவாத, உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்னு சொன்னதும் நானு. உன் வூடு நல்லா இருக்கட்டும் பதுருக்கா, அதுல பொறந்தது எந்த மலையில நின்னாலும் பசியில்லாம, மரியாதையோட இருக்கட்டும். வாசப்படி மிதிக்காதன்ற அந்த வார்த்தைய மட்டும் அவளுக்குச் சொல்லாத, எனக்குச் சொல்லிக்கோ.